சிறை என்றால் ஜெயில் இல்லை, சாரே

எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் தலைவர் ஒரு சொல்லுக்குத் தப்பாகப் பொருள் எழுதினார். அது தப்பு என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அவர் வாய் திறக்காததால் எங்கள் குளம் போகப்போகிறது.

இதை அவருடைய முகத்துக்கு நேரே மூன்று தடவை சொல்லிவிட்டேன். நாலாவது தடவை எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. மற்றவர்கள் எழுதித் தருவதை டைப் செய்துதான் பழக்கம்.

பாறசாலையிலிருந்து எல்லைப் பக்கம் போகிற ரோட்டில், ஒரு சின்ன ஜங்ஷனில், எனக்கு ஒரு போட்டோஸ்டாட் கடை இருக்கிறது. ஆதார் நகல், கல்யாண லெட்டர், பள்ளிப் பிள்ளைகளின் புராஜெக்ட், மரண அறிவிப்பு, எல்லாம் செய்வேன். தமிழிலும் டைப் செய்வேன், மலையாளத்திலும் செய்வேன். அதனால்தான் என்னைச் சங்கத்தில் சேர்த்தார்கள். என் அறிவைப் பார்த்துச் சேர்த்தார்கள் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கீபோர்டைப் பார்த்துச் சேர்த்தார்கள்.

சங்கம் கூடுவது இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம், வாயனசாலையின் மாடியில். வாயனசாலை என்றால் வாசகசாலை. ஊரில் அப்படித்தான் சொல்வோம். பதிவுப் புத்தகத்தில் முப்பது பேர் இருக்கிறார்கள். வருவது பத்துப் பேர். அந்தப் பத்தில் பெண் நான் ஒருத்தி. முதலில் தலைவர் பேசுவார். பிறகு தலைவர் பேசியதைப் பாராட்டி செக்ரட்டரி பேசுவார். பிறகு சாயாவும் ரசவடையும் வரும். சாயா குடித்த பிறகுதான் உண்மையான கூட்டம் தொடங்கும், அதாவது சண்டை.

சண்டை பெரும்பாலும் மரத்தைப் பற்றித்தான். நெய்யாற்றின்கரையில் ராஜா ஒளிந்திருந்த பலா மரம் இருக்கிறது. ஆட்கள் வந்து பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். நமக்கு ஏன் ஒன்று இல்லை? இதுதான் சங்கத்தின் பத்து வருட வயிற்றெரிச்சல். ஒருவர் ஒரு புளியைக் காட்டுவார். இன்னொருவர் ஒரு அயனிமரத்தைக் காட்டுவார். ஒரு தடவை எல்லாரையும் ஒரு வேனில் ஏற்றி குன்னத்துகால் பக்கம் ஒரு மாமரத்தைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த வீட்டுக்காரர் வெளியே வந்து, "எலே, இது எனக்க அப்பன் நட்ட மாவாக்கும்" என்றார். அப்படியே திரும்பி வந்தோம். அந்தப் பயண அறிக்கையையும் நான்தான் டைப் செய்தேன். அதில் அந்த வீட்டுக்காரரின் அப்பனைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆய்வு தொடர்கிறது என்று இருந்தது.

தலைவரைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளியில் எனக்கும் பாடம் எடுத்தவர். எங்கள் பள்ளியில் தமிழ்ப் பிரிவை மூடப் பார்த்தபோது வீடு வீடாக நடந்து பிள்ளைகளைச் சேர்த்துத் திறந்து வைத்திருந்தவர் அவர்தான். இங்கே வீட்டுக்குள் தமிழ், கடையில் மலையாளம், சண்டையில் இரண்டும். இந்தக் கலப்பு அவருக்குப் பிடிக்காது. நாம் "வெள்ளம் தாருங்கோ" என்று கேட்டால், "வெள்ளம் வந்தா வீடு போகும். தண்ணி கேளு" என்பார். அதில் தப்பு சொல்லமாட்டேன். ஆனால் இப்போது நடந்திருக்கிற தப்பு இந்தக் குணத்திலிருந்துதான் வந்தது.

என் வீடு ஜங்ஷனிலிருந்து உள்ளே, ஒரு குளத்துக்குப் பக்கத்தில். குளத்தைத் தடுத்து நிறுத்துகிற மண்கரை ஒன்று உண்டு. அதன் மேல்தான் நடைவழி. அந்தக் கரைக்கு எங்கள் ஊரில் சிறை என்று பேர். வாயில் வரும்போது "செற." மலையாளத்திலும் அதே சொல்தான், சிற. செறயில் நிற்கிறேன், செற வழியா வா, செற உடைஞ்சு போச்சு. சின்னப் பிள்ளைக்குத் தெரியும். என் வீட்டுப் பேரே சிறைக்கரை வீடு. ரேஷன் கார்டில் அப்படித்தான் இருக்கிறது. சங்கத்தில் சேர்ந்தபோது என் உறுப்பினர் படிவத்தில் அந்த வீட்டுப் பேரைத் தன் கையால் எழுதியவர் தலைவர்.

குளத்தின் படியில் ஒரு நீளக் கல் கிடந்தது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதில்தான் துணி அடித்தேன். பக்கத்து வீட்டு அக்காவும் அதில்தான் அடித்தாள். போன மழைக்காலத்தில் படி சரிந்தது. சரி செய்ய வந்தவர்கள் அந்தக் கல்லைப் புரட்டிப் போட்டார்கள். அடிப்பக்கத்தில் எழுத்து இருந்தது.

"எட்டீ, இதுல என்னவோ எழுதியிருக்கு" என்றாள் அக்கா. "உனக்க கடைக்குக் கொண்டு போய் ரெண்டு காப்பி எடு."

நான்தான் தலைவருக்குப் போன் செய்தேன். அதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

அன்று பத்துப் பேரும் வந்தார்கள். எந்தக் கூட்டத்துக்கும் அப்படிச் சரியான நேரத்துக்கு வந்ததில்லை. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். கல்லைக் கழுவி, மைதா மாவைத் தேய்த்தார். எழுத்து வெள்ளையாக எழுந்து வந்தது. நாலே சொல். ஊரார் தன்மம் இந்தச் சிறை. அவர் உரக்க வாசித்தார். உண்மையாகவே எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பக்கத்து வீட்டு அக்கா கரை மேல் நின்றுகொண்டு, "செற தானே சாரே? நாம நிக்குத செற" என்றாள்.

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "செறயும் இல்ல, சிறயும் இல்ல. சிறை. மலையாளத்தான் மாதிரி வாசிக்கப்பிடாது. தமிழ்ல சிறைன்னா ஜெயிலாக்கும்."

"அப்ப இத்தன வருசமும் ஜெயிலுக்க கல்லுலயா துணி அடிச்சோம்? அதாக்கும் ஒண்ணும் வெளுக்காதது" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊரார் தன்மமாக, அதாவது தர்மமாக, எந்த ஊரில் ஜெயில் கட்டுவார்கள்? குளம் வெட்டுவார்கள், கரை கட்டுவார்கள், வழிப்போக்கனுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பார்கள். புண்ணியம் தேடி ஜெயில் கட்டிய ஊர் ஒன்று உண்டென்றால் எனக்குக் காட்டுங்கள். ஆனால் சங்கத்துக்கு ராஜா வேண்டியிருந்தது. மரம் கிடைக்கவில்லை, ஜெயில் கிடைத்துவிட்டது.

அடுத்த வாரம் ஒரு பிக்கப் வண்டி வந்து கல்லைத் தூக்கிக்கொண்டு போனது. பாதுகாப்பதற்காம். வாயனசாலை வாசலில் சிமென்ட் மேடை கட்டி, அதன் மேல் நிறுத்தி, எழுத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். பக்கத்தில் ஒரு போர்டு: அரசர் காலத்துச் சிறைச்சாலைக் கல். அந்தப் போர்டின் எழுத்தையும் நான்தான் டைப் செய்து கொடுத்தேன். கல் எங்கே கிடந்தது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

பிறகு ஆண்டு மலர். பாதி தமிழ், பாதி மலையாளம். தலைவரின் கட்டுரை பன்னிரண்டு பக்கம். அதை டைப் செய்ய உட்கார்ந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"சாரே, இது நம்ம கொளத்துக்க செறயாக்கும். எனக்க வீட்டுப் பேரு சிறைக்கரை. நான் என்ன ஜெயிலுக்க கரையிலயா குடியிருக்கேன்?"

"மக்கா, அது மலையாளம் கலந்து வந்த பேரு. கல்லுல உள்ளது சுத்தத் தமிழ். ரெண்டையும் கொழப்பாத."

"மலையாளப் பாதியில என்ன போடணும்? சிறன்னு போட்டா கொளம்னு ஆயிரும்."

"தடவறன்னு போடு."

"கொளம் இல்லாமலா சாரே கொளத்துல கல்லு கெடந்தது?"

"நீ டைப் பண்ணினா போதும்."

டைப் செய்தேன். மலையாளத்தில் வெறுமனே அந்தச் சொல்லை அப்படியே எழுதியிருந்தால்கூட வாசிக்கிறவன் எல்லாம் குளத்தங்கரை என்றுதான் புரிந்துகொண்டிருப்பான். அதையும் மெனக்கெட்டு மாற்றி, தடவறை, அதாவது ஜெயில், என்று தெளிவாகப் போட்டோம். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவன் மலையாளத்தில் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. மலையாளம் மட்டும் தெரிந்தவனும் செய்ய முடியாது. இரண்டும் தெரிந்து, ஒன்றின் மேல் கோபம் இருக்கிறவனுக்குத்தான் இது வரும்.

கட்டுரையில் கல் கிடந்த இடத்துக்கு "ஜங்ஷனுக்கு அருகில் இருந்த சிறைச்சாலையின் இடிபாடுகள்" என்று எழுதியிருந்தார். இடிபாடு என்று அவர் சொன்னது எங்கள் துணி துவைக்கிற படியை. மலர் வெளியானது. பத்திரிகையில் செய்தி வந்தது. தலைவருக்கு இரண்டு ஊரில் பொன்னாடை போட்டார்கள். பின் அட்டையில், கீழே, சின்ன எழுத்தில், டைப் செய்தது என்று என் கடையின் பேர்.

இதெல்லாம் வெறும் அசட்டுத்தனம் என்று விட்டிருப்பேன். குளத்தைச் சுற்றியுள்ள பூமி கைமாறியது. வாங்கியவர் வெளியூர்க்காரர். குளத்தை நிரப்பி ஆடிட்டோரியம் கட்டப்போகிறார், கல்யாணங்களுக்கு. அவருடைய கையில் உள்ள ஆதாரத்தில் (கிரயப் பத்திரத்துக்கு இங்கே ஆதாரம் என்று பேர்) குளம் இல்லை, எல்லாம் புரயிடம், அதாவது வீடு கட்டுகிற கரைநிலம் என்று இருக்கிறது. செம்மண் ஏற்றிய லாரி ஒன்று இப்போதே ரோட்டோரம் நிற்கிறது.

குளம் போனால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்கள் கோடையில் வந்து பார்க்க வேண்டும். சுற்றி நாலு வீட்டுக் கிணறு அந்தக் குளத்தை நம்பித்தான் ஊறுகிறது. என் கிணறு அதில் ஒன்று. செற வழி அடைபட்டால் அக்கா வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு வர பெரிய ரோட்டைச் சுற்ற வேண்டும். அவளுக்கு முட்டு வலி.

நாலு வீட்டுக்காரரும் ரெவன்யூ ஆபீசில் மனு கொடுத்தோம். அதையும் நான்தான் டைப் செய்தேன். விசாரணைக்கு அழைத்தார்கள். ஆபீசர் மரியாதையாகத்தான் பேசினார். "இது ஊரார் கட்டிய பொதுக்குளம் என்பதற்கு ஏதாவது பழைய சான்று உண்டா?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"உண்டு, கல்லு உண்டு" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

அப்போது எதிர்த் தரப்பு வக்கீல் பையிலிருந்து எங்கள் ஆண்டு மலரை எடுத்தார். மலையாளப் பக்கத்தைப் புரட்டி வாசித்தார். கல் ஜெயிலுடையது. கிடைத்தது ஜங்ஷனில். குளம் என்ற சொல்லே கிடையாது. வாசித்து முடித்து, பின் அட்டையைத் திருப்பி, "இது சேச்சியுடைய கடைதானே?" என்று கேட்டார். சேச்சி என்றால் அக்கா. அன்று அந்தச் சொல்லைக் கேட்டபோது கெட்ட வார்த்தை மாதிரி இருந்தது.

ஆபீசர் மலரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சங்கம் இதைத் திருத்தி எழுதித் தந்தால் பரிசீலிக்கலாம் என்று சொல்லி, தேதியைத் தள்ளிவைத்தார். அந்த ஒரு தயவுதான் எங்களுக்கு மிச்சம்.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை மாடியில் எழுந்து நின்றேன். ரசவடை வருவதற்கு முன்பே எழுந்தேன். கல் கிடந்த இடத்தையும் சொல்லின் பொருளையும் திருத்தி ஒரு தாள் எழுதி, தலைவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன்.

செக்ரட்டரி ஆதாரம் எழுதுகிற தொழில் செய்கிறவர். எழுதிய ஒன்றைத் திருத்துவதென்றால் அவருக்குக் காய்ச்சல் வரும். "அது போட்டே. வெறுதே எந்தினா?" என்றார். விட்டுவிடு, சும்மா எதற்கு என்று அர்த்தம். "பேப்பர்ல வந்தாச்சு. இனி மாத்தினா சங்கத்துக்க பேரு என்னாவும்?"

"கொளத்துக்க பேரு என்னாவும் அண்ணே?"

"கொளம் சங்கத்துக்க விசயம் இல்லியே."

"கல்லு மட்டும் சங்கத்துக்க விசயமா? கல்லைத் தூக்கத் தெரிஞ்சுதே, கொளத்தைத் தூக்கிட்டு வரப்பிடாதா? மாடியில வச்சுப் பாதுகாக்கலாம்."

இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. இது ஆய்வு சம்பந்தப்பட்ட விஷயம், உணர்ச்சிவசப்படக்கூடாது, துணைக்குழு அமைத்துப் பார்க்கலாம் என்றார். சாயா வந்துவிட்டது.

படி இறங்கும்போது சபை மூப்பர் என் பின்னால் வந்தார். சங்கத்துக்கு வருகிற பத்துப் பேரில் ஒருவர், பழைய மிஷன் சபையில் அடக்கப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்கிறவர். பொய் சொல்லாத மனிதர். சத்தமும் போடமாட்டார்.

"மக்கா, எங்க பதிவேட்டுல உங்க பக்கத்து ஆளுகளுக்க வீட்டுப் பேரு எல்லாம் சிறைக்கரை, சிறைக்கீழ், சிறைமேலன்னு உண்டு. எனக்கு அன்னைக்கே தோணிச்சு."

"பின்ன ஏன் மூப்பரே மாடியில சொல்லல்ல?"

"சாரு சொல்லியாச்சே..."

"கர்த்தரு கேட்டா அவருக்கிட்டயும் சாரு சொல்லியாச்சுன்னு சொல்லுவேளா?"

பாவம், முகம் வெளிறிப்போனது. தலைவர் முதலில் சொன்னால், பதிவேட்டோடு வந்து தானும் நிற்பதாகச் சொன்னார். தலைவர் முதலில் சொன்னால். எங்கள் சங்கத்தில் எல்லாருக்கும் இந்த ஒரு நிபந்தனைதான்.

இதற்கு அடுத்த வாரம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

தலைவர் கடைக்கு ஆள் விட்டனுப்பினார். தன்னுடைய சொந்த மலர்ப் பிரதியிலிருந்து நாற்பதாம் பக்கம் மட்டும் ஐந்து நகல் வேண்டும். அதில் அவர் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிற படம் இருக்கிறது. நான் புத்தகத்தை மெஷினில் கவிழ்க்கும்போது அது வேறு பக்கத்தில் விரிந்துகொண்டது. அவருடைய கட்டுரைப் பக்கம். சிறைச்சாலை என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலில் ஒரு கோடு. ஓரத்தில் அவருடைய அழகான கையெழுத்தில்: அணை. குளக்கரை. தப்பு.

மூன்று சொல். என் பழைய தேர்வுத்தாள்களில் பார்த்த அதே தப்பு. அவர் "த" போடுகிற விதம் எனக்குத் தெரியும். மெஷின் விளக்கு எரிந்து அணைந்தது. அந்தப் பக்கத்தையும் ஒரு நகல் எடுத்தேன். எடுத்தது சரியா என்று கேட்டால், சரியில்லை. எடுத்தேன்.

சாயங்காலம் அவரே புத்தகத்தை வாங்க வந்தார். நான் அந்தப் பக்கத்தை விரித்து மேசை மேல் வைத்தேன்.

"சாரே, இது எப்ப எழுதினது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மலர் வந்து ரெண்டு வாரம் கழிஞ்சு" என்றார். "பழைய அகராதியில கிடக்கு. அணைன்னு ஒரு அர்த்தம் உண்டு. தமிழாக்கும் அதும்."

"அப்ப எங்க வாயில உள்ளதும் தமிழ்தானே?"

"தமிழ்தான்."

"இத மைக்குல சொல்லுங்கோ."

"மக்கா, நான் வாழ்நாள் முழுக்க தமிழ் படிப்பிச்சவன். இங்க நம்மள ஏற்கெனவே பாதித் தமிழன்னு சொல்லுவினும். ஒரு கல்லுல நாலு சொல்லு, அதுல ஒண்ண தமிழ் வாத்தியாருக்கு வாசிக்கத் தெரியல்லன்னு நானே எப்படி எந்திச்சு நின்னு சொல்லுவேன்?"

"கொளம் போனா?"

"அதுக்குக் கோர்ட்டு உண்டு, கச்சேரி உண்டு."

ஐந்து நகலையும் வாங்கிக்கொண்டு குடையை விரித்தபடி போனார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரத்தான் செய்தது. ராத்திரி கிணற்றில் வாளி விட்டபோது அந்த இரக்கம் போய்விட்டது.

அந்த நகல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆபீசரிடம் இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்தால், யாருடைய கையெழுத்து என்று வக்கீல் கேட்பார். கடைக்காரி வாடிக்கையாளரின் புத்தகத்திலிருந்து களவாக எடுத்தது என்பார். அது உண்மையும்கூட. தலைவர் தானாகச் சொன்னால்தான் அது சாட்சி. மூப்பரும் பதிவேட்டோடு எழுந்து நிற்பார். மற்ற ஏழு பேரும், எனக்கும் அன்னைக்கே தோணிச்சு என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். வரட்டும்.

சாரே, நீங்கள் இதைப் படிப்பீர்கள். எழுத்துப்பிழை இருந்தால் கோடும் போடுவீர்கள். போடுங்கள். தள்ளிவைத்த விசாரணை வருகிற திங்கட்கிழமை. அதற்கு முன்னால் இரண்டாம் சனிக்கிழமை இருக்கிறது. மாடியில் பத்துப் பேருக்கு நடுவில் வேண்டாம். துணைக்குழுவும் வேண்டாம். கீழே வாருங்கள், வாயனசாலை வாசலில், அந்த மஞ்சள் பெயின்ட் கல்லுக்குப் பக்கத்தில். மைக் நான் கொண்டுவருகிறேன். நாலு வீட்டுக்காரர்களும் நிற்போம், அக்காவுக்கு ஒரு நாற்காலி போடுவோம். தமிழில் ஒரு தடவை, மலையாளத்தில் ஒரு தடவை, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்: இந்தக் கல்லை எங்கே இருந்து எடுத்தீர்கள்? இதில் உள்ள சிறை ஜெயிலா, எங்கள் குளத்தின் கரையா?